சிக்னல் மரமும் ஒரு கூடுதல் ஓட்டும்

பாலுக்குள்ளிருந்து போன் அடித்தது.

பசும்பால் என்று நினைத்துவிடாதீர்கள். ரப்பர் பால். மரத்தில் கம்பி போட்டுக் கட்டிய தேங்காய்ச் சிரட்டையில் வெள்ளை வெளேரென்று நிறைந்து கிடந்தது. அதற்குள் இடுப்பளவு முங்கி, மரத்தில் சாய்ந்து நின்றபடி ஒரு கறுப்பு போன் அடித்துக்கொண்டிருந்தது. சளி பிடித்தவர் பேசுவதுபோல் சத்தம் கொழகொழவென்று வந்தது. பாலுக்கு மேலே தெரிந்த பாதித் திரையில் 'வீடு' என்று எழுத்து மின்னியது.

அது எங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த கல்வி அதிகாரியின் வீடு. போனும் அவருடையதுதான். என் மாறுதல் மனுவில் கையெழுத்துப் போடவேண்டியவரும் அவரேதான்.

'சவத்த, எல்லாம் போச்சு' என்று மனசுக்குள் சொன்னேன். மனசுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன். பக்கத்தில் நின்ற ஹெச்.எம். சார், "டீச்சர், மெல்ல" என்றார்.

போன வாரம் இந்தப் பத்தியில் என் வீட்டுக்காரரின் சமையலைப் பற்றி எழுதினேன். மனுஷன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால் இந்த வாரம் அவரை விட்டுவிட்டு மலைக்கு ஏறிவிடுகிறேன். அந்த போன் சிரட்டைக்குள் எப்படிப் போனது என்று சொல்ல, கொஞ்சம் பின்னாலிருந்து வரவேண்டும். அதுவரை அது அதுபாட்டுக்கு அடிக்கட்டும்.

எலுமிச்சம்பழமும் நானும்

நான் தாழக்குடிப் பக்கத்து வயல்காட்டுக்காரி. எங்கள் ஊரில் நிலம் என்றால் சப்பையாகக் கிடக்கும், ரோடு என்றால் நேராகப் போகும். அப்படிப்பட்ட என்னை, இருந்த பள்ளிக்கூடத்தில் கூடுதல் ஆசிரியர் என்று கணக்குக் காட்டி, கீரிப்பாறைக்கும் மேலே ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருக்கிற ஒரு உயர்நிலைப் பள்ளிக்கு சமூக அறிவியல் டீச்சராகத் தூக்கிப் போட்டார்கள்.

காலையில் வடசேரியில் பஸ் ஏறுவேன். தடிக்காரன்கோணம் வரைக்கும் நான் ஒரு கௌரவமான ஆசிரியை. அதற்கப்புறம் வளைவு தொடங்கும். முதல் வளைவில் எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்கில் வைப்பேன். அடுத்ததில் கண்ணை இறுக்கி மூடுவேன். அதற்கடுத்ததில் தலை ஜன்னலுக்கு வெளியே போய்விடும்.

கண்டக்டர் தங்கமான பையன். "டீச்சர் சீட்டுல யாரும் இருக்காதீங்க" என்று ஜன்னலோர சீட்டைக் காவல் காத்து வைத்திருப்பான். பின்னால் இருக்கிறவர்களிடம் ஜன்னலை மூடச் சொல்லி முன்கூட்டியே அறிவிப்பும் கொடுத்துவிடுவான். அந்த மரியாதையை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கும்.

இறங்கினால் அட்டை. மழைக்காலத்தில் அது எந்த வழியாகச் சேலைக்குள் ஏறும் என்று யாராலும் சொல்லமுடியாது. பிள்ளைகள் எனக்காகவே பையில் உப்புப் பொட்டலம் வைத்திருப்பார்கள். "டீச்சர், கால நீட்டுங்க" என்று ஒருத்தி குனிந்து உப்பை வைப்பாள். அட்டை விழுந்துவிடும், ரத்தம் நிற்காது. கரண்டைக்காலில் ரத்தம் வழிய வழிய பிரெஞ்சுப் புரட்சி நடத்தியிருக்கிறேன்.

போன முதல் மாசமே மாறுதல் மனு போட்டேன். பிறகு வருஷா வருஷம் போட்டேன். "மலைக்கு வர வேற ஆள் கிடைச்சா பாக்கலாம்" என்று பதில் வரும். எந்தக் கிறுக்கன் வருவான்?

அப்போதுதான் இந்தப் புது அதிகாரி வந்தார். மழை குறைவான வெளிமாவட்டத்துக்காரர். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. நாகர்கோவிலில் டீச்சர்களையெல்லாம் கூட்டிவைத்துச் சொன்னார்.

"இனிமே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆன்லைன் குவிஸ், ஆன்லைன் சர்வே. பசங்க போன்ல பதில் அடிக்கணும், மார்க்கு அப்பவே திரையில வரணும். நல்லா பண்ற டீச்சருக்கு ஏதாவது மனு நிலுவையில இருந்தா, நானே பார்த்து முடிச்சுத் தரேன்."

அதுவரை போனில் நான் செய்த பெரிய காரியம், சொந்தக்காரர்களுக்குக் காலை வணக்கம் போட்ட பூப்படம் அனுப்புவதுதான். அந்த நிமிஷத்திலிருந்து தொழில்நுட்பத்தின்மேல் எனக்குத் தீராத காதல் வந்துவிட்டது.

சிரட்டைக்குள் சிக்னல்

குவிஸ் செய்வது லேசான வேலைதான். கேள்வியையும் நாலு விடைகளையும் முன்கூட்டியே போட்டு வைத்துவிட்டால், பிள்ளைகள் ஒரு எண்ணை அடித்து உள்ளே வருவார்கள். கேள்வி வந்ததும் சரியான விடையைத் தொடவேண்டும். சீக்கிரம் தொட்டால் மார்க்கு கூடுதல். ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் யார் முந்தி, யார் பிந்தி என்று பட்டியல் தெரியும். அவ்வளவுதான்.

ஆனால் அதற்கு சிக்னல் வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் சுவர் நிறைய ஒரு டி.வி. இருந்தது. அதில் ஒரு வட்டம் சுற்றும். மணி அடிக்கும்வரை சுற்றும். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு வெள்ளிக்கிழமை இப்படிப் போனதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பத்தாம் வகுப்பில் ரெஜி என்று ஒருத்தி உண்டு. கிளாஸ் லீடர். எதற்கும் கணக்கு வைக்கிற குணம். சாக்பீஸ் ஒன்று குறைந்தால் நாலு பேரைப் பிடித்து நிறுத்திவிடுவாள். அவள்தான் வந்து சொன்னாள்.

"டீச்சர், ஸ்கூலுக்கப் பொறத்த சரிவுல நிக்கிற மரத்துல வெட்டும்போ மட்டும் எங்கம்மைக்க போன் அடிக்கும்."

அவள் அம்மை செல்வி எஸ்டேட்டில் வெட்டுக்காரி. ரப்பர் மரத்தில் கத்தியால் கோடு போட்டுப் பாலெடுக்கிற வேலைக்கு அங்கே வெட்டு என்றுதான் பெயர். விடிவதற்கு முன்னே வெட்டுவார்கள். பால் சிரட்டையில் சொட்டி நிறைந்ததும் வாளியில் சேர்த்து, ஸ்டோரில் கொண்டுபோய் அளந்து கொடுப்பார்கள். மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும்.

ரெஜி பின்னால் சரிவுக்குப் போனேன். கையில் போனைப் பிடித்தால் சிக்னல் இல்லை. தலைக்குமேல் தூக்கினேன், இல்லை. அவள் என்னிடமிருந்து வாங்கி, மரத்தில் கட்டியிருந்த காலிச் சிரட்டைக்குள் சாய்த்து வைத்தாள். மூன்று கோடு ஏறி நின்றது. எந்த விஞ்ஞானி வந்தாலும் இதற்குக் காரணம் சொல்லமுடியாது. நான் கேட்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சிரட்டையும் காலி, அம்மாமாரின் போனும் சும்மா. ஏழு போன் தேறியது. பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். மூன்று பேருக்கு ஒரு போன், ஒரு குழுவில் மட்டும் நாலு பேர். குழுவுக்கு ஒரு மரம்.

நான் நடுவில் ஒரு பாறைமேல் ஏறி நின்று கேள்வியைச் சத்தமாக வாசிப்பேன். பிள்ளைகள் மரத்தைச் சுற்றிக் குனிந்து சிரட்டைக்குள் விரலை விட்டு விடையை அடிப்பார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஏதோ பூசை நடக்கிற மாதிரி இருந்திருக்கும்.

பெயர் எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது என் தப்பு. ஒரு குழு 'லாஸ்ட் பஸ்'. ஒன்று 'ஒட்டுப்பால்', அதாவது சிரட்டையில் காய்ந்து ஒட்டிக் கிடக்கிற பால். ஒன்று 'டீச்சர்க்க எலுமிச்சம்பழம்'. முதல் வாரம் எல்லோரையும் முந்தியது 'அட்டைப்பூச்சி'. அதில் விடையை அடித்தது யாரென்று பார்த்தால் சோபி. வருஷம் முழுக்க என்னிடம் வாய் திறந்து ஒரு பதில் சொல்லாத பிள்ளை. அன்றைக்கு ஜெயித்துவிட்டு, "டீச்சர், அடுத்த கேள்வி போடுங்க டீச்சர்" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். அவள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

யாரிந்தச் சுறா?

நாலைந்து வாரம் நன்றாகப் போனது. ஒரு நாள் ரெஜி பாறைக்கு ஏறி வந்து என் காதில் சொன்னாள்.

"டீச்சர், ஏழு போனுதான் உண்டு. பட்டியல்ல எட்டுப் பேரு நிக்கிது."

பார்த்தேன். எட்டாவதாக, கடைசியில், 'கடல்சுறா' என்று ஒரு பெயர். மார்க்கு பூச்சியம்.

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. என் குவிஸில் கள்ளத்தனமா? இதுபற்றி அதிகாரிக்கு அறிக்கை வேறு போகிறது. பதில் ஒன்று கூடுதலாக இருந்தால் என் மனு என்னாகும்? பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினேன்.

"ஏலே, எவம்லே அது? மரியாதைக்கு முன்னால வந்திரு. ஏட்டி சோபி, ஒனக்குத் தெரியுமா? போன்கணக்கும் பதில்கணக்கும் ஒத்துப் போகணும். ஒண்ணு கூடினாலும் நான் விசாரிக்காம விடமாட்டேன், பாத்துக்கிடுங்க!"

எல்லோரும் தரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அதில் எனக்கு இன்னும் கோபம். கடைசியில் ரெஜிதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"டீச்சர், இந்த மலைல வேற யாருக்கு டீச்சர் கடல் ஓர்மை வரும்?"

எங்கள் ஹெச்.எம். சார் கடியப்பட்டணத்துக்காரர். மூன்று தலைமுறையாகக் கடலுக்குப் போகிற குடும்பம். சத்துணவுக்கூடத்துக்குப் பின்னால் ஒரு ஒற்றை ரப்பர் மரம் உண்டு. எட்டிப் பார்த்தேன். மனுஷன் அந்தச் சிரட்டைக்குள் குனிந்து அடுத்த கேள்விக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"நான் சும்மா, பிள்ளேளுக்கு ஒரு ஊக்கத்துக்கு…" என்றார்.

"எல்லாத்தயும் தப்பா அடிக்கியளே சார், அதுவா ஊக்கம்?"

"கணக்கு வாத்தியாருக்கு வரலாறு எப்படித் தெரியும் டீச்சர்?" என்றார் பாவமாக. அவருக்கும் ஆசை இருக்கும்தானே. அடுத்த வாரத்திலிருந்து கடல்சுறாவையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டோம். ஆனால் ரெஜி அன்றைக்குப் பிடித்த பழக்கத்தை விடவில்லை. ஒவ்வொரு குவிஸ் முடிந்ததும் போனை எண்ணுவாள், பதிலை எண்ணுவாள். ஒத்துப்போனால்தான் வீட்டுக்கு விடுவாள்.

அதிகாரியும் பருவமழையும்

என் அறிக்கை போய்ச் சேர்ந்து, அதிகாரி நேரில் வருவதாகத் தகவல் வந்தது. வெள்ளிக்கிழமைதான், ஆனால் காலையில். மத்தியானம் அவருக்குக் குழித்துறையில் ஒரு கல்யாணம்.

காலையில் என்றால் வெட்டு நேரம். சிரட்டை நிறையப் பால் இருக்கும். அம்மாமாரின் போனும் கிடைக்காது. எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லாமல் வெப்ராளம். நல்ல வேளையாக விடிவதற்கு முன்னாலேயே மழை பிடித்துக்கொண்டது. மரம் நனைந்திருந்தால் வெட்டமாட்டார்கள்.

"டீச்சர், இன்னைக்கு வெட்டு இல்ல! போன் எல்லாம் கொண்டாந்தாச்சு" என்று பிள்ளைகள் பஸ் நிறுத்தத்திலேயே வந்து நின்றார்கள். அன்றைக்கு நான் பஸ்ஸில் வாந்தி எடுத்ததுகூட எனக்கு நல்ல சகுனமாகத் தெரிந்தது.

அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். மழையும் விட்டுவிட்டது. சிரட்டையில் நின்ற மழைத்தண்ணியைக் கொட்டித் துடைத்து, போன்களை வைத்தோம். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நானும் விளையாடலாமா டீச்சர்?"

"தாராளமா சார்."

அவருக்கு ஓரத்தில் நல்ல தடியான மரமாகப் பார்த்துக் கொடுத்தேன். 'ராஜா' என்று பெயர் போட்டுக்கொண்டார். தன் போனை அவரே சிரட்டைக்குள் சாய்த்து வைத்தார். குவிஸ் தொடங்கியது.

அட்டைப்பூச்சி முதலில், லாஸ்ட் பஸ் இரண்டாவது. ராஜா நடுவில் எங்கோ நின்றார். போகப் போக இறங்கினார். அப்போதுதான் நான் அந்தக் கேள்வியைப் போட்டேன். நம்முடைய மாவட்டத்துக்கு மழை தருவது எது? தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை, இரண்டும், இரண்டும் இல்லை.

ராஜா வடகிழக்கை அடித்தார். கடல்சுறா இரண்டும் என்று அடித்துவிட்டார். கடற்கரையில் பிறந்தவருக்கு அது மட்டும் தெரிந்திருந்தது. பட்டியலில் ராஜா கடைசி.

அதிகாரி மரத்தை விட்டுவிட்டு விறுவிறுவென்று என் பாறைக்கு வந்தார்.

"டீச்சர், இது தப்பு. தமிழ்நாட்டுக்கு மழை வடகிழக்குதான். புத்தகத்துல தெளிவா இருக்கு."

"சார், நம்ம மாவட்டத்துக்கு ரெண்டும் உண்டு சார்."

"அதெப்படி ரெண்டும் வரும்?"

எனக்கு வாயை மூடத் தெரியாது. மனு அவர் மேசையில் கிடக்கிறது என்று தெரிந்தும் விடவில்லை. "சார், ஆனி மாசம் இங்க வந்து நின்னு பாருங்க, எது வரும்னு தெரியும்" என்றேன். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். "சார், எங்க வீட்டுக் கூரைட்ட கேளுங்க சார்!" என்றது ஒரு குரல். சோபியாகத்தான் இருக்கவேண்டும். அதிகாரி விரலை நீட்டிப் பேச, நான் பாடப்புத்தகத்தைப் பிரித்துக் காட்ட, ஒரே சந்தைக்கடை.

இந்தச் சத்தத்தில் நாங்கள் கவனிக்காத ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. வெயில் அடித்துவிட்டது. மரம் காய்ந்துவிட்டது. வெட்டுக்காரர்கள் கத்தியோடு இறங்கிவிட்டார்கள். வெயில் ஏற ஏறப் பால் குறையும். பால் குறைந்தால் கூலி குறையும். அந்த நேரத்தில் வெட்டுக்காரி யாருக்காகவும் நிற்கமாட்டாள். செல்வி மரத்துக்கு மரம் வந்துகொண்டே சத்தம் கொடுத்தாள்.

"பிள்ளேளா, போன எடுங்க, போன எடுங்க!"

பிள்ளைகள் பழக்கப்பட்டவர்கள். பேசிக்கொண்டே ஆளுக்கொரு போனை உருவிக்கொண்டார்கள். ஓரத்து மரத்தில் மட்டும் ஒன்று நின்றது.

"இது யாருக்கப் போனு?" என்று செல்வி கேட்டாள்.

எங்களுக்குப் பருவமழைச் சண்டை. ஒருத்தரும் திரும்பவில்லை.

"யாருக்கப் போனுன்னு கேக்கேன்! எடுக்கல்லன்னா வெட்டிட்டுப் போயிருவேன், பொறவு என்னச் சொல்லப்படாது!"

சொன்னபடி வெட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள். புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நான் வெகுநேரம் தேடிக் கண்டுபிடித்து, அதிகாரி கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை வாசித்து, "ம்ம்" என்று ஒத்துக்கொண்டபோது போன் அடித்தது.

ஒட்டுப்பால்

இப்போது தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டோம்.

அதிகாரி ஒரே சாட்டமாக மரத்துக்குப் பாய்ந்து, கைக்குட்டையை உருவிக்கொண்டு சிரட்டைக்குக் கையை நீட்டினார்.

"சார், தொடாதீங்க!" என்று ரெஜி அலறினாள். "தொடச்சா ஓட்டைக்குள்ள எல்லாம் ஏறிரும். காயட்டும் சார், உரிச்சு எடுத்திரலாம்."

ஹெச்.எம். சார் ஒரு தடவை சிலுவை போட்டுக்கொண்டார். நான் செல்வியைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். அவள் தூரத்து மரத்தில் நின்று, "நான் கேட்டனா இல்லியா? வாய்கிழியக் கேட்டேன்!" என்று திருப்பிக் கத்தினாள். அவள் பக்கம் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல்.

போனைப் பாலோடு தூக்கி, சத்துணவு அடுப்புக்கு எதிரே பலகையில் சாய்த்து வைத்தோம். அங்கேயும் அது ஒரு தடவை அடித்தது. "எனக்கப் போன்ல வீட்டுக்குப் பேசுங்க சார்" என்று ஹெச்.எம். நீட்டினார். அதிகாரி வாங்கி, விரலை வைத்துக்கொண்டு யோசித்தார். முகம் சிவந்தது. மனைவியின் நம்பர் அவருக்குத் தெரியவில்லை. 'வீடு' என்று போட்டு வைத்ததோடு சரி.

கல்யாணச் சாப்பாடு போய்விட்டது. மனுஷன் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து சத்துணவுச் சோறும் முட்டையும் சாப்பிட்டார். இத்தனை வருஷ எலுமிச்சம்பழமும் வீண் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்ததும் ரெஜி போனின் மூலையை நகத்தால் கிள்ளினாள். காய்ந்த பால் ஒரு ஓரத்தில் தூக்கியது. பிடித்து மெல்ல இழுத்தாள். சட்டையைக் கழற்றுகிற மாதிரி ஒரே துண்டாக உரிந்து வந்தது. உள்ளே போன் பளபளவென்று இருந்தது. உரித்த தோல் போன் வடிவத்திலேயே அவள் கையில் ஆடியது.

"கொள்ளாம், நல்ல ஒட்டுப்பால்" என்றார் ஹெச்.எம்.

அதிகாரி வீட்டுக்கு போன் போட்டார். "இல்லம்மா, போன் பால்ல இருந்துச்சு… பால்ல… அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். ஜீப்பில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டார். போனேன்.

"டீச்சர், உங்க மனு என் மேசையிலதான் இருக்கு. அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டிடறேன். உங்களை இங்கயே விட்டு வச்சா அடுத்த தடவை என்னையே பால்ல முக்கி ரப்பர் ஷீட்டா அடிச்சிருவீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தத் தோலையும் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

ரகசிய வாக்கெடுப்பு

எனக்கு சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம். வீட்டுக்காரர் அல்வா வாங்கி வந்தார். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம், நேர் ரோடு, நினைத்த இடத்தில் சிக்னல். அந்த வாரம் முழுக்கப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். பஸ்ஸில் கண்டக்டரிடமும் சொன்னேன். "அப்ப டீச்சர் சீட்ட ஆருக்குக் குடுக்க?" என்று கேட்டுவிட்டு அவன் டிக்கெட் கிழிக்கப் போய்விட்டான். அது எனக்கு என்னவோபோல் இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சரிவுக்குப் போனபோது ரெஜி என்னைப் பாறையில் ஏறவிடவில்லை.

"இன்னைக்கு நாங்க ஒரு சர்வே போட்டிருக்கோம் டீச்சர். பேரு கேக்காது. யாரு என்ன போட்டான்னு ஒருத்தருக்கும் தெரியாது. நீங்க அங்க போய் நில்லுங்க."

"என்ன சர்வேட்டி?"

"முடிஞ்ச பொறவு சொல்லுகேன்."

நான் ஓரத்து மரத்தடியில் போய் நின்றேன். பிள்ளைகள் ஒருத்தர் பின் ஒருத்தராகக் குனிந்து அடித்தார்கள். சர்வேயை அனுப்பின கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் நானும் இருக்கிறேன் என்பதை ரெஜி மறந்திருந்தாள். என் போனைச் சிரட்டையில் வைத்ததும் சர்வே வந்து விழுந்தது. ஒரே ஒரு கேள்விதான்.

நம்ம டீச்சருக்கு டிரான்ஸ்ஃபர் கிடைக்கணுமா? கிடைக்கணும். கிடைக்கக் கூடாது.

கழுதைகள் என்று சிரித்தேன். எல்லோரும் கூடாது என்றுதான் போடும், அழுதாலும் அழும், சமாதானம் சொல்லவேண்டியிருக்கும் என்று நினைத்தேன். கொஞ்சநேரத்தில் ரெஜி பாறைமேல் ஏறி முடிவை வாசித்தாள்.

"கிடைக்கணும், இருபத்திரண்டு!"

ஒரு பிள்ளைகூடவா கூடாது என்று போடவில்லை? ஒன்றுகூடவா? நான் அவ்வளவு மோசமா? வெட்கம் கெட்டுப்போய்க் கேட்டேவிட்டேன்.

"ஏன்ட்டி? நான் போனா ஒங்களுக்கு அவ்வளவு நிம்மதியா?"

சோபிதான் வாய் திறந்தாள்.

"டெய்லி பஸ்ல வாந்தி எடுக்கியள்ளா டீச்சர். கால் எல்லாம் அட்டை கடிச்ச தழும்பு. பாவம்லா, போவட்டும்னு நாங்க எல்லாரும் பேசி வச்சுப் போட்டோம். எங்களுக்கு வேணும்னு வச்சா நீங்க கெடந்து கஷ்டப்படணும்லா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மழை இல்லாத நாள், மறைக்கவும் வழியில்லை. மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தேன்.

ரெஜி போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

"டீச்சர், நாங்க இருபத்திரண்டு பேருதான். ஓட்டு இருபத்திமூணு விழுந்திருக்கு. கிடைக்கக் கூடாதுன்னு ஒண்ணு கெடக்கு." தலையைத் தூக்கினாள். "ஒண்ணு கூடினா விசாரிக்கணும்லா டீச்சர்?"

எல்லோரும் சத்துணவுக்கூடத்துப் பக்கம் திரும்பினார்கள். ஹெச்.எம். சார் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"நானில்ல! சத்தியமா நானில்ல! எனக்குப் போன்ல சார்ஜே இல்ல!"

அப்புறம் எல்லாத் தலையும் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பியது. என் போன் இன்னும் ஓரத்து மரத்துச் சிரட்டைக்குள் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

"ரகசிய வாக்கெடுப்புன்னு சொன்னியா இல்லியாட்டி? பொறவு என்ன விசாரணை? போய்ப் பையை எடு, பஸ்ஸுக்கு நேரமாச்சு!" என்று கத்தினேன். ஒருத்தரும் பயப்படவில்லை. சோபி ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

பிள்ளைகள் போனதும் அந்தச் சிரட்டைக்கு முன்னால் குனிந்து அதிகாரிக்கு போன் போட்டேன்.

"யாரு, சிரட்டை டீச்சரா? உங்க பேப்பர்தான் கையில வச்சிருக்கேன். பேனாவும் எடுத்தாச்சு."

"அதக் கிழிச்சுப் போட்டிருங்க சார்."

"என்னாச்சு டீச்சர்? வருஷா வருஷம் நீங்கதானே…"

"இங்க ஒரு ஓட்டெடுப்பு நடந்துது சார். நான் போகணும்னுதான் பிள்ளேள் எல்லாம் போட்டிருக்கு."

"அப்ப போக வேண்டியதுதானே?"

கீழே ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டர் பையன் என் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது மரங்களுக்கு நடுவில் தெரிந்தது.

"தோத்துட்டேன் சார். டெபாசிட்டும் போச்சு. ஆனா நான் மலைய விட்டு எறங்கப் போறதில்ல."